டீசல் பிக்கப்பும் எதிர்க்காற்றும்

ஒரே டீசல் பிக்கப்பின் பின்னால் இரண்டு விதமான டிரெய்லர்களை மாற்றி மாற்றிக் கட்டி இழுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் டிரெய்லர் தட்டையானது. அதில் இரும்புத் தகடுகளை அடுக்கிச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. சுமையோடு சேர்த்தே இடுப்பளவு உயரம்தான், ஆனால் எடை 5 டன். இரண்டாவது, விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள் இழுத்துப்போகும் கேம்பர். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்தப் பெட்டி வீட்டின் எடை 3.6 டன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துச் சமவெளி நெடுஞ்சாலையில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டையும் இழுத்துப்போனால் எது அதிகம் டீசல் குடிக்க வைக்கும்?

கனமானதுதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அதிகம் குடிக்க வைப்பது கேம்பர். வித்தியாசமும் சின்னதல்ல.

சமதளத்தில் மாறாத வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள்தான் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர்கள் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை. இது எடையைப் பொறுத்தது. மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். மற்றது காற்றுத் தடை. இதற்கு எடையோடு சம்பந்தமே இல்லை. வண்டியின் முகப்பு எவ்வளவு பெரியது, எந்த வடிவத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற மூன்றுதான் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும்.

டிரெய்லர் இல்லாத பிக்கப்பை முதலில் பார்ப்போம். எடை ஏறத்தாழ 3.4 டன். அதன் முகப்பும் வடிவமும் சேர்ந்து காற்றில் ஒன்றரைச் சதுர மீட்டர் பலகைபோல வேலை செய்கின்றன என்று கொண்டால், 105 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை சுமார் 700 நியூட்டன், உருளல் தடை 330 நியூட்டன். இரண்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம். இதைச் சமாளிக்கச் சக்கரங்களில் 30 கிலோவாட், அதாவது 40 குதிரைத்திறன் போதும்.

இப்போது கேம்பரைக் கட்டலாம். அதன் உயரம் தரையிலிருந்து 3.3 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். பிக்கப்பின் கூரைக்கு மேலே ஒரு மீட்டருக்கும் அதிகமாகச் சுவர்போல எழுந்து நிற்கிறது. முன்னால் போகும் பிக்கப் காற்றை ஓரளவு விலக்கிக் கொடுத்தாலும், மேலே மிஞ்சும் அந்தச் சுவரில் காற்று நேராக மோதுகிறது. பின்பக்கம் இன்னும் மோசம்: சதுரமாக வெட்டிய முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று சுழன்று குறைந்த அழுத்தப் பகுதியை உண்டாக்கி, வண்டியைப் பின்னோக்கி உறிஞ்சுகிறது. காற்றுத் தடை 2,000 நியூட்டனுக்கு ஏறிவிடும். உருளல் தடை 690. மொத்தம் 2,700. தட்டை டிரெய்லருக்கு இதே கணக்கைப் போட்டால், 5 டன் இரும்பு உருளல் தடையை 820 ஆக்கினாலும், காற்றுத் தடை 900-ஐ ஒட்டியே நிற்கும். மொத்தம் 1,700 மட்டுமே.

கேம்பர் கட்டிய பிக்கப் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர், வெறும் பிக்கப் ஒன்பது என்று ஓட்டுநர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது. விசை இரண்டரை மடங்குக்கு மேல் கூடியும் டீசல் செலவு இரண்டு மடங்கோடு நிற்கிறதே, ஏன்? சுமை ஏற ஏற டீசல் எஞ்சின் இன்னும் திறமையாக வேலை செய்கிறது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டப்படி உச்ச வேகம் 55 மைல், அதாவது 88 கி.மீ. டெக்சாஸ் நெடுஞ்சாலைகளில் 75 மைலில், 120 கி.மீ. வேகத்தில், கேம்பரோடு பறப்பவர்கள் உண்டு. அதே வண்டி, அதே கேம்பர். 88-ல் எதிர்த்தள்ளும் விசை 2,100 நியூட்டன், 120-ல் 3,300. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அறுபது சதவீதம் வரை கூடுதல் ஆற்றல். 300 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சமாகும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடத்தைத் தொடும். அதற்குக் கொடுக்கும் விலை ஏறத்தாழ 30 லிட்டர் டீசல். எந்த எஞ்சின், எந்த கியர் விகிதம், எந்த ஆயில் என்று மணிக்கணக்கில் அலசுகிறார்கள். அத்தனையும் சேர்ந்து தரக்கூடிய மிச்சத்தை ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே பெற்றுவிடலாம். எதிர்க்காற்று அடிக்கும் நாளிலும் இதுதான் நடக்கிறது. 105-ல் போகும்போது முகத்துக்கு நேரே 15 கி.மீ. காற்று வீசினால், காற்றுத் தடையைப் பொறுத்தவரை வண்டி 120-ல் போவதாகத்தான் அர்த்தம். போகும்போது ஒரு மைலேஜ், திரும்பும்போது வேறொரு மைலேஜ் என்று குழம்புகிறவர்கள் அன்றைய காற்றின் திசையைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பின்பக்கத் தொட்டியின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் வெளியேறி மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகி அங்கேயே நிலைத்துவிடுகிறது. கூரையிலிருந்து வரும் காற்று அந்தச் சுழலின் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்துபோகும். மூடியே வையுங்கள்.

அப்படியானால் எடைக்கு வேலையே இல்லையா? மலையில் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கிறது. சுரங்கத்தின் வாய் கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே சில்வர்தார்ன் என்ற ஊரிலிருந்து அங்கே ஏறும் சாலை, 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் 700 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. சரிவு 7 சதவீதம் வரை போகும். பிக்கப்பும் கேம்பருமாக 7 டன்னை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 48 மெகாஜூல் வேண்டும். எஞ்சினின் திறனைக் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 4 லிட்டர் டீசல். காற்றுக்கும் டயருக்கும் செலவாவது இதற்கு மேல். திரையில் தெரியும் மைலேஜ் எண் அப்போது லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே விழும்.

105 கி.மீ. வேகத்திலேயே அந்தச் சரிவை ஏற வேண்டுமானால் சக்கரங்களில் 270 குதிரைத்திறன் தேவை. 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் முதன்முதலாக வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினின் திறன் 160 குதிரைத்திறன். இப்போதைய ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக்கின் உயர்திறன் வகை 500. சமதளத்தில் கேம்பரை இழுக்க 106 குதிரைத்திறன் போதும் என்பதால், 1989-இன் வண்டியும் அங்கே தடுமாறாமல் போயிருக்கும். மூச்சு வாங்குவது மலையில்தான். கூடிய குதிரைத்திறன் எல்லாம் மலைக்காகவும், நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு சட்டென்று கலப்பதற்காகவும் வந்தவை. மைலேஜுக்காக வந்தவை அல்ல.

மலை ஏறச் செலவழித்த ஆற்றல் இறங்கும்போது திரும்பக் கிடைக்குமா என்பதும் நல்ல கேள்வி. காலை எடுத்தவுடன் எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். புவியீர்ப்பு வண்டியைத் தள்ளும். சரிவு மெதுவாக இருந்தால் ஏற்றத்தில் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால்தான் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் மைலேஜை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 7 சதவீதச் சரிவில் கதை மாறுகிறது. காற்றும் டயரும் தடுப்பதைவிட இரண்டு மடங்கு விசையோடு மலை தள்ளுகிறது. மிஞ்சுவதை எங்காவது வெப்பமாக்கிக் கொட்டியாக வேண்டும். டர்போவின் இறக்கைகளைக் குறுக்கி, வெளியேறும் காற்றை எஞ்சினுக்குள்ளேயே முட்ட வைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இந்த வேலையைச் செய்கிறது. பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் பழுக்கக் காயாமல் 7 டன் கீழே இறங்க முடிவது அதனால்தான். ஆனால் மேலே ஏற்றிய ஆற்றலில் பாதி அங்கே வெறும் சூடாகக் காற்றில் போய்விடுகிறது.

இனி எஞ்சினுக்குள் போகலாம். பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காற்று வரும் வழியில் இருக்கும் ஒரு தட்டு. லேசாக ஓட்டும்போது தட்டு ஏறத்தாழ மூடியே இருக்கும். பிஸ்டன்கள் மூடிய வழியில் காற்றை உறிஞ்சப் போராடி ஆற்றலை வீணாக்கும். டீசலில் அப்படிக் காற்றை நெரிக்கும் தேவை இல்லை. காற்று தாராளமாக உள்ளே வரும். எவ்வளவு டீசலைத் தெளிப்பது என்பதை வைத்தே சக்தி கட்டுப்படுகிறது. அழுத்த விகிதத்திலும் வித்தியாசம் உண்டு. இந்தப் பெரிய டீசல்களில் காற்று 16-இல் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது, ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் பத்தரையில் ஒரு பங்கு. அதிகம் நசுக்கினால், எரிந்த வாயு விரியும்போது அதிக வேலையைப் பிழிந்தெடுக்கலாம். பெட்ரோல் எஞ்சினை அந்த அளவுக்கு நசுக்கினால் பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொண்டு எஞ்சின் தட்டத் தொடங்கும்.

சுமை ஏறும்போது இந்த இரண்டு எஞ்சின்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. மலையில் முழு மிதியில் இழுக்கும் பெட்ரோல் எஞ்சின், வெளியேறும் வாயுவின் சூடு எல்லை மீறாமல் இருக்க, எரிக்கத் தேவையானதைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்தப் பெட்ரோல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. டீசலில் எப்போதும் தேவைக்கு மேல் காற்று இருக்கும். எஞ்சினின் சொந்த உராய்வு, பம்புகள் ஆகியவற்றின் செலவு ஏறத்தாழ மாறாமல் இருப்பதால், வேலை கூடும்போது அந்தச் செலவின் பங்கு குறைந்து திறன் உயர்கிறது. டீசலின் உண்மையான மேன்மை டிரெய்லர் கட்டிய பிறகுதான் முழுசாகத் தெரியும் என்று இழுவை ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுவே. ஒரு நியாயத்துக்காக இதையும் சேர்க்க வேண்டும்: ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான ஆற்றல் இருக்கிறது. லிட்டர் கணக்கில் ஒப்பிடும்போது டீசலுக்கு அந்தச் சலுகை தானாகவே கிடைத்துவிடுகிறது. புகைபோக்கியிலிருந்து வரும் கரியமில வாயுவும் அதே போலக் கூடுதல்தான்: பெட்ரோல் லிட்டருக்கு 2.35 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.69 கிலோ.

டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு அதே வண்டியில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அப்படியே அலுவலகம் போய், மாலையில் கடைக்குப் போவது டீசல் பிக்கப்புக்குப் பிடிக்காத வேலை. சிக்னலுக்குச் சிக்னல் மூன்றரை டன்னை நிறுத்தி நிறுத்திக் கிளப்ப வேண்டியிருக்கிறது. எஞ்சினே பல நூறு கிலோ இரும்பு. அது சூடேறி முடிவதற்குள் அலுவலகம் வந்துவிடும். குளிர்காலத்தில் வடக்கு மாநிலங்களில் காலையில் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுகிறார்கள். அந்த நேரத்தின் மைலேஜ் பூஜ்யம். டீசல் உறைந்து கூழாகாமல் இருக்க அங்கே குளிர்காலத்தில் இலேசான வகை டீசலைக் கலந்து விற்பார்கள். அதில் ஆற்றல் சற்றுக் குறைவு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கரிவடிகட்டி. 2007 முதல் அமெரிக்க டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகள்களைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. நெடுந்தூரம் சுமையோடு ஓடும் வண்டியில் புகையின் சூடே பிடிபட்ட கரியைச் சிறிது சிறிதாகத் தீர்த்துவிடும். நகரத்தில் குறுந்தூரம் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் கணினியே கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கும். இதை ரீஜென் என்கிறார்கள். அந்த இருபது முப்பது நிமிடத்துக்கு மைலேஜ் காரணமே இல்லாமல் விழுந்ததுபோலத் தெரியும். நடுவில் வீடு வந்து எஞ்சினை அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைத் தெளிக்கும் எஞ்சின்களில் அதில் ஒரு பங்கு பிஸ்டன் ஓரமாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடவும் செய்யும். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் இந்த வண்டியை வாங்க நினைக்கும் யாரிடமும், வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நல்ல ஓட்டம் கொடுங்கள், முடியாதென்றால் பெட்ரோல் வண்டியையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வேறொரு வழியும் அங்கே பரவியிருக்கிறது. வடிகட்டியையும், புகையின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசல் அமைப்பையும் பிடுங்கி எறிந்து, கணினியின் நிரலையும் மாற்றிவிடுவார்கள். மைலேஜ் கூடும் என்பதுதான் இதற்கு முக்கியமாகச் சொல்லப்படும் காரணம். உண்மையிலேயே கொஞ்சம் கூடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய சுமார் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள். தயாரிப்பாளர்களும் தப்பவில்லை. ராம் பிக்கப்புகளின் எஞ்சின்களில் மாசுக்கட்டுப்பாட்டை ஏய்க்கும் நிரல்கள் இருந்த வழக்கில் கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. லிட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்காகக் குழந்தைகள் மூச்சிழுக்கும் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடைக் கலப்பதை எந்தக் கணக்கிலும் சிக்கனம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

மைலேஜை அளப்பதிலும் சிக்கல் இருக்கிறது. டேஷ்போர்டுத் திரை காட்டும் எண், தெளிப்பான்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதிலிருந்து கணினி ஊகிப்பது. அனுபவசாலிகள் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த நிரப்பலின் லிட்டரால் வகுக்கிறார்கள். பெட்ரோலைவிட டீசல் அதிகமாக நுரைக்கும். நுரை முனையைத் தொட்டவுடன் பம்பு 'டக்' என்று நின்றுவிடும். டேங்கில் இன்னும் சில லிட்டருக்கு இடம் இருக்கும். ஒரு நிரப்பலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தச் சில லிட்டரே முடிவைப் புரட்டிவிடும். பல நிரப்பல்களைச் சேர்த்துக் கூட்டினால்தான் பிழை கரையும். 33 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டவர்களுக்கு இன்னொரு வம்பு: ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிட 6 சதவீதம் குறைத்துக் காட்டும்.

சராசரி எடுக்கும்போதும் கவனம் தேவை. 1,000 கிலோமீட்டர் கேம்பரோடு, லிட்டருக்கு 4.5. இன்னொரு 1,000 வெறுமனே, லிட்டருக்கு 9. சராசரி 6.75 என்று தோன்றும். செலவானது 222-உம் 111-உம், ஆக 333 லிட்டர். 2,000 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் 6 தான். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைத்தான் எழுதினார்கள். மைலேஜ் எண் மனிதர்களை ஏமாற்றும். குறிப்பிட்ட தூரத்துக்கு எவ்வளவு எரிபொருள் என்று சொன்னால் ஏமாற்றாது. கேம்பரோடு 4.5-ஐ 5.5 ஆக்கினால் 1,000 கிலோமீட்டரில் 40 லிட்டர் மிச்சம். வெறும் வண்டியில் 9-ஐ 10 ஆக்கினால் 11 லிட்டர் மட்டுமே. உழைப்பை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது: கேம்பர் கட்டிய நாளில் மெதுவாகப் போவதில்.

இவ்வளவு அலசினாலும், வண்டி வாங்கப் போகிறவர் கையில் அதிகாரபூர்வமான ஓர் எண்கூட இல்லை. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் மைலேஜ் ஒட்டுத்தாள் கட்டாயம். பிக்கப்புகளுக்கோ, சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டு, அதாவது 3,855 கிலோவைத் தாண்டினால் அது கட்டாயம் இல்லை. அதனால் ஃபோர்டு எஃப்-150-இன் 3 லிட்டர் டீசலுக்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 30 மைல் என்ற எண் 2018-இல் கிடைத்தது. டிரெய்லர் இழுப்பதற்கென்றே வாங்கப்படும் எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 வண்டிகளுக்கு ஒட்டுத்தாளே இல்லை. டீசல் எஞ்சினுக்காக மட்டும் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கேட்கும் வண்டிகள் இவை.

அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2014 மாடல்களிலிருந்து இந்த வண்டிகளுக்கும் எரிபொருள் வரம்பு கொண்டுவரப்பட்டது. சுமக்கும் திறனையும் இழுக்கும் திறனையும் சேர்த்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைக் காரணியைக் கணக்கிட்டு, 100 மைலுக்கு இத்தனை கேலன் என்று அரசு தனக்குள் அளவு வைத்தது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 விதிப்படி இழுவைத் திறனைச் சோதிக்க, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஏறும் 68-ஆம் எண் மாநிலச் சாலையே அளவுகோல். அங்கே 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுக்க ஓடவிட்டு, முழுச் சுமை டிரெய்லரோடு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே விழாமல் 18 கிலோமீட்டர் ஏறிக் காட்ட வேண்டும். எஞ்சின் கொதித்ததா, கியர் பெட்டி தாங்கியதா என்று ஒவ்வொரு டிகிரியும் பதிவாகிறது. அதே டிரெய்லரைக் கழற்றாமல், சமதளத்தில் 105 கி.மீ. வேகத்தில் 100 கிலோமீட்டர் ஓட்டி, குடித்த டீசலை அளந்து கண்ணாடியில் ஒட்டச் சொல்ல ஒரு விதி போதும்.